என் கார் எந்தக் கட்சி? - டெஸ்லாவால் இரண்டுபட்ட அமெரிக்கா!

“எலான் கிறுக்கர் என்று தெரிவதற்கு முன்பே வாங்கிய கார் இது!”

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பல டெஸ்லா கார்களின் பின்பக்கத்தில் 2023-லிருந்து இப்படி ஒரு ஸ்டிக்கரைப் பார்க்க முடிகிறது. நம் ஊரில் காரின் பின்னால் ‘முருகன் துணை’ என்று எழுதுவார்கள், பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள், கட்சிக்கொடி கட்டுவார்கள். சொந்தக் காசு போட்டு வாங்கிய காருக்காக, பின்னால் வருகிற முன்பின் தெரியாத ஆளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுவது விநோதம்தான். ஆனால், அமெரிக்காவில் 2025-ல் அது ஒரு தற்காப்பாகவே மாறியது. சிலர் டெஸ்லா சின்னத்தைப் பிய்த்துவிட்டு, அந்த இடத்தில் வேறு கம்பெனியின் சின்னத்தை ஒட்டி ஓட்டினார்கள்.

அமெரிக்கக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு கார்தான். பெரும்பாலும் ஐந்து, ஆறு வருடத் தவணையில் வாங்குகிறார்கள். ஒரு நாள் காலையில் செய்தியைப் பார்த்துவிட்டு, ‘இனி இந்த கார் வேண்டாம்’ என்று தூக்கிப்போட முடியாது. பெட்ரோல் செலவும் புகையும் குறையட்டும் என்று வாங்கிய ஒரு பொருள், எப்படி ஒரு கட்சியின் அடையாள அட்டையாக மாறியது?

பிரியஸில் ஆரம்பித்த பழக்கம்

டெஸ்லாவுக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு கார் இப்படி ‘பேச’ ஆரம்பித்துவிட்டது. டொயோட்டாவின் ‘பிரியஸ்’. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார். 1997-ல் ஜப்பானிலும் 2000-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில் ஹோண்டாவும் ‘சிவிக்’ காரில் ஹைபிரிட் கொண்டுவந்தது. ஆனால், அது வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண சிவிக் மாதிரியே இருந்தது. பிரியஸோ தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும் தனி வடிவம். ‘நான் சுற்றுச்சூழல்மீது அக்கறை உள்ளவன்’ என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டு போனது.

கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களை எடுத்துக்கொண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில், வடிவத்தாலேயே அடையாளம் தெரிகிற பிரியஸுக்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் மக்கள் தயாராக இருந்தது தெரியவந்தது. அதாவது, சிக்கனத்துக்கு மட்டும் அவர்கள் காசு கொடுக்கவில்லை. ஊர் தன்னைப் பார்க்கிறதே, அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

பிரியஸ் காலி செய்த அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் டெஸ்லா.

அன்று கிண்டல் செய்தவர்கள் யார்?

டெஸ்லாவை 2003-ல் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். எலான் மஸ்க் 2004-ல் முதலீட்டாளராக உள்ளே வந்து தலைவரானார். 2008-ல் ‘ரோட்ஸ்டர்’, 2012-ல் ‘மாடல் எஸ்’ என்று வரிசையாகக் கார்கள் வந்தன.

இன்று கேட்டால் பலரும் நம்ப மறுக்கிற ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்தில் டெஸ்லாவைக் கிண்டல் செய்தது குடியரசுக் கட்சிதான். ஒபாமா அரசு 2010-ல் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2012 அதிபர் தேர்தல் விவாத மேடையில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, அரசுப் பணம் போய்ச் சேர்ந்த தோற்றுப்போன கம்பெனிகளின் பட்டியலில் டெஸ்லாவையும் சேர்த்துப் பேசினார். அடுத்த வருடமே, கெடுவுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பாக அந்தக் கடனை வட்டியோடு அடைத்தது டெஸ்லா.

மஸ்க்கும் அப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், பைடன் என்று ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர் அவர். 2017-ல் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுவதாக ட்ரம்ப் அறிவித்தபோது, அதை எதிர்த்து அதிபரின் ஆலோசனைக் குழுக்களிலிருந்து வெளியேறினார்.

விரிசல் மெதுவாகத்தான் விழுந்தது. 2021 ஆகஸ்ட்டில் மின்சாரக் கார்களுக்காக வெள்ளை மாளிகையில் பைடன் ஒரு விழா நடத்தினார். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லான்டிஸ் கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. நாட்டிலேயே அதிக மின்சாரக் கார் விற்ற டெஸ்லாவுக்கு அழைப்பு இல்லை. மற்ற மூன்று கம்பெனிகளிலும் தொழிற்சங்கம் உண்டு, டெஸ்லாவில் கிடையாது. 2022 மே மாதம், இனி குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு என்று மஸ்க் வெளிப்படையாகவே அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். 2024 ஜூலை 13 அன்று ட்ரம்ப்மீது துப்பாக்கிச்சூடு நடந்த சிறிது நேரத்திலேயே அவருக்கு ஆதரவு தெரிவித்தார். அந்தத் தேர்தலுக்காக அவர் செலவழித்தது 25 கோடி டாலருக்கும் மேல்.

இதற்கிடையே ட்ரம்ப்பின் பேச்சும் மாறியது. மின்சாரக் கார்களை மேடைக்கு மேடை வறுத்தெடுத்து வந்தவர், 2024 ஆகஸ்ட்டில் அட்லான்டா கூட்டத்தில், தான் மின்சாரக் கார்களை ஆதரிப்பதாகவும், எலான் தன்னை ஆதரிப்பதால் ஆதரித்தே ஆக வேண்டியிருக்கிறது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். காரில் எதுவும் மாறவில்லை. அதே பேட்டரி, அதே மோட்டார். மாறியது கூட்டணி மட்டும்தான்.

வெள்ளை மாளிகை வாசலில் ஷோரூம்!

2025 ஜனவரியில் ட்ரம்ப் மீண்டும் அதிபரானார். அரசுச் செலவைக் குறைக்க ‘டோஜ்’ என்ற அமைப்பு உருவானது. அதன் முகமாக மஸ்க் இருந்தார். அரசு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வேலை இழந்தார்கள். வெளிநாடுகளுக்கான அமெரிக்க உதவித் திட்டங்கள் நின்றன. அந்தக் கோபமெல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரு பொருள்மீது திரும்பியது. மஸ்க்கின் ராக்கெட்டை யாரும் தெருவில் பார்க்க முடியாது. டெஸ்லாவோ எல்லாத் தெருவிலும் நிற்கிறது.

பாடகி ஷெரில் க்ரோ, தன் டெஸ்லாவை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது கையசைத்து வழியனுப்பும் வீடியோவை 2025 பிப்ரவரியில் வெளியிட்டார். காரை விற்ற பணத்தைப் பொது வானொலி அமைப்பான என்.பி.ஆருக்குக் கொடுத்தார். முன்னாள் விண்வெளி வீரரும் ஜனநாயகக் கட்சி செனட்டருமான மார்க் கெல்லி, தன் டெஸ்லாவைக் கைவிட்டுப் பெரிய பெட்ரோல் வண்டிக்கு மாறினார். மார்ச் 29 அன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெஸ்லா ஷோரூம்கள் முன்பு ஒரே நாளில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன.

ஆர்ப்பாட்டம் எல்லா இடத்திலும் அமைதியாக நிற்கவில்லை. மார்ச் 18 அன்று லாஸ் வேகஸில் டெஸ்லா பழுதுபார்க்கும் மையம் ஒன்றில் கார்கள் தீக்கிரையாயின. பல ஊர்களில், நிறுத்திவைத்திருந்த தனியார் கார்களில் கீறல் விழுந்தது, பெயின்ட் வீசப்பட்டது. அந்த கார்களின் சொந்தக்காரர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கீறியவர்களுக்குத் தெரியாது.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. மார்ச் 11 அன்று வெள்ளை மாளிகை வாசலில் டெஸ்லா கார்களை வரிசையாக நிறுத்தி, அதிபரே விற்பனைப் பிரதிநிதி போலப் பேசினார். சிவப்பு நிற மாடல் எஸ் ஒன்றை வாங்குவதாகவும் அறிவித்தார். சில நாள்களில் வர்த்தகத் துறை அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், தொலைக்காட்சியில் தோன்றி டெஸ்லா பங்குகளை வாங்கச் சொன்னார். ஒரு தனியார் கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்லி அமைச்சரே பேசலாமா என்று சட்ட வல்லுநர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

கைதட்டினார்கள்... வாங்கினார்களா?

2025-ன் முதல் மூன்று மாதங்களில் டெஸ்லா உலகம் முழுக்க விநியோகித்த கார்கள் 3,36,681. முந்தைய ஆண்டு அதே காலத்தில் 3,86,810. அதாவது 13 சதவிகிதம் சரிவு. அந்தக் காலாண்டின் நிகர லாபம் 71 சதவிகிதம் குறைந்தது.

இதில் எல்லாவற்றையும் அரசியல் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. புதிய ‘மாடல் ஒய்’ தயாரிப்புக்காகத் தொழிற்சாலைகளில் அந்த மாதங்களில் உற்பத்தி குறைக்கப்பட்டது. சீனாவின் பி.ஒய்.டி குறைந்த விலையில் கார்களைக் குவித்தது. 2024-லேயே டெஸ்லாவின் ஆண்டு விற்பனை லேசாக இறங்கியிருந்தது. 2025-ல் இன்னும் சரிந்து சுமார் 16.4 லட்சத்துக்கு வந்தது. முழு மின்சாரக் கார் விற்பனையில் பி.ஒய்.டி உலகின் முதலிடத்தைப் பிடித்தது.

அப்படியானால் அரசியலின் பங்கு எவ்வளவு? யேல் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதைக் கணக்கிட முயன்றது. 2022 அக்டோபர் முதல் 2025 ஏப்ரல் வரை, மஸ்க்கின் அரசியல் ஈடுபாட்டால் அமெரிக்காவில் டெஸ்லா இழந்த விற்பனை 10 லட்சம் கார்களுக்கும் மேல் இருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. அதே காரணத்தால் மற்ற கம்பெனிகளின் மின்சார, ஹைபிரிட் கார் விற்பனை 17 முதல் 22 சதவிகிதம் வரை கூடியதாகவும் அது சொல்கிறது.

ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் விலகிய இடத்தைக் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் நிரப்பவில்லை. இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. தலைவருக்குக் கைதட்ட ஒரு நிமிடம் போதும். காருக்கு முன்பணம் வேண்டும், வீட்டில் சார்ஜ் செய்ய வசதி வேண்டும், தவணை கட்ட வேண்டும். மின்சாரக் கார் வேண்டாம் என்று பத்து வருடமாகக் கேட்டு வந்தவர், ஒரே வாரத்தில் மனம் மாறி ஷோரூமுக்குப் போய்விட மாட்டார்.

ஒரே நாளில் உடைந்த நட்பு

2025 ஜூன் 5. ட்ரம்ப்பின் பெரிய வரி மசோதாவை மஸ்க் கடுமையாக விமர்சிக்க, இருவரும் ஊரறியச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அன்று ஒரே நாளில் டெஸ்லா பங்கு 14 சதவிகிதம் விழுந்தது. கம்பெனியின் சந்தை மதிப்பில் சுமார் 15,000 கோடி டாலர் காணாமல்போனது. மூன்று மாதங்களுக்கு முன் வாங்கிய சிவப்பு காரை ட்ரம்ப் விற்கப்போகிறார் என்று செய்தி வந்தது.

இப்போது அந்த கார் எந்தக் கட்சி? இந்தப் பக்கத்தார் ஏற்கெனவே வெறுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தாருக்கும் அன்று பிடிக்காமல் போனது. டெஸ்லா வைத்திருக்கும் சாதாரணக் குடும்பத்துக்கோ அன்றும் தவணை கட்ட வேண்டியிருந்தது, பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டியிருந்தது.

அடி யாருக்கு விழுகிறது?

பொருளைப் புறக்கணித்துப் போராடுவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியவர்கள் அவர்கள். 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள், பேருந்தில் சம இருக்கை கேட்டு 381 நாள்கள் பேருந்தே ஏறாமல் நடந்தார்கள். 1965-ல் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம், நாடு முழுவதும் திராட்சை புறக்கணிப்பாக வளர்ந்து, 1970-ல் கூலி ஒப்பந்தத்தோடு முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் ஒரு கோரிக்கை இருந்தது. அது நிறைவேறியதும் மக்கள் மீண்டும் பேருந்து ஏறினார்கள், திராட்சை வாங்கினார்கள்.

கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு வகை சேர்ந்திருக்கிறது. 2017-ல் க்யூரிக் காபி மெஷினைத் தரையில் போட்டு உடைத்தார்கள். 2018-ல் நைக்கி ஷூக்களை எரித்தார்கள். கம்பெனி காசை வாங்கிக் கல்லாவில் போட்டு வெகுநாள் ஆகியிருக்கும். உடைந்தது வாங்கியவரின் மெஷின். எரிந்தது வாங்கியவரின் ஷூ.

டெஸ்லா விவகாரத்தில் இந்த இரண்டுமே கலந்திருக்கின்றன. ஷோரூம் முன்பு நின்றவர்களுக்குத் தெளிவான கோரிக்கை இருந்தது: மஸ்க் அரசிலிருந்து வெளியேற வேண்டும். 2025 ஏப்ரலில், லாபம் சரிந்த கணக்கை வெளியிட்ட அதே நாளில், டோஜ் வேலைக்குத் தரும் நேரத்தை வெகுவாகக் குறைப்பதாக மஸ்க் அறிவித்தார். மே மாத இறுதியில் பொறுப்பிலிருந்து விலகினார். புறக்கணிப்புக்கு வலு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால், பக்கத்து வீட்டு காரைக் கீறியதால் மஸ்க்குக்கு என்ன நஷ்டம்? 2025 நவம்பரில் டெஸ்லா பங்குதாரர்கள், இலக்குகளை எட்டினால் பத்து ஆண்டுகளில் 1 லட்சம் கோடி டாலர் வரை மதிப்புள்ள பங்குகளை அவருக்கு ஊதியமாகத் தர 75 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் ஒப்புதல் கொடுத்தார்கள். கீறலைச் சரிசெய்யும் செலவோ கார் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது. டெஸ்லா 2023 தொடக்கத்தில் புது கார்களின் விலையை அதிரடியாகக் குறைத்தபோதே, பழைய கார்களின் மறுவிற்பனை விலை அடிவாங்கியிருந்தது. அதன்மேல் இதுவும் சேர்ந்துகொண்டது.

தொலைந்துபோன கேள்வி

இந்தச் சண்டையில் காணாமல்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ‘இந்த கார் என் குடும்பத்துக்குப் பாதுகாப்பானதா?’ என்ற எளிய கேள்வி.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்கு ‘ரீகால்’ அறிவிக்கப்பட்டது. ஆட்டோபைலட் வசதி இயங்கும்போது ஓட்டுநர் சாலையைக் கவனிக்கிறாரா என்பதைக் கண்காணிக்கும் அமைப்பு போதாது என்பது காரணம். ரீகால் என்றதும் 20 லட்சம் காரும் கம்பெனிக்குத் திரும்பிப் போனதாகத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. போனில் அப்டேட் வருவது போல, வீட்டில் நின்ற காருக்கே சாஃப்ட்வேர் வழியாகத் திருத்தம் வந்து சேர்ந்தது.

2025 மார்ச்சில் ‘சைபர்ட்ரக்’ வண்டிகளுக்கு வந்த ரீகால் வேறு ரகம். கண்ணாடி ஓரம் ஒட்டியிருக்கும் ஸ்டீல் தகடு, ஓடும்போது கழன்று விழலாம் என்பது பிரச்னை. சுமார் 46,000 வண்டிகள். இதை சாஃப்ட்வேரால் ஒட்ட முடியாது, சர்வீஸ் சென்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டும் ‘ரீகால்’தான். ஆனால், வண்டி வைத்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு. அவருக்குத் தேவை இந்தத் தகவல்தான். அவருக்குக் கிடைத்ததோ, ‘பார்த்தீர்களா, குப்பை வண்டி!’ என்று ஒரு குரல். ‘வேண்டுமென்றே பழிவாங்குகிறார்கள்!’ என்று இன்னொரு குரல். தகடு கழன்று விழுந்தால், பின்னால் வருகிறவர் எந்தக் கட்சி என்று பார்த்தா விழும்?

பருவநிலைக்கும் இதில் அடி உண்டு. 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு, மின்சாரக் கார் வாங்குவோருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகை அமெரிக்காவில் முடிவுக்கு வந்தது. அந்தச் சலுகை டெஸ்லாவுக்கு மட்டுமானதல்ல, நிபந்தனைகளுக்கு உட்பட்ட மற்ற கம்பெனி கார்களை வாங்குவோருக்கும் பயன்பட்டு வந்தது. ஆனால், மின்சாரக் கார் என்றாலே அங்கு கட்சிச் சண்டை என்று ஆகிவிட்டது. புகைக்குக் கட்சி கிடையாது. அதைச் சுவாசிக்கிறவருக்கும் நுரையீரலில் கட்சிச் சின்னம் கிடையாது.

கருத்து சொல்லும் முன் மூன்று கேள்விகள்

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் முதல் ஷோரூமைத் திறந்தது. அப்போது மாடல் ஒய் ஆரம்ப விலை சுமார் 60 லட்சம் ரூபாயாக இருந்தது. வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேராகத்தான் இருப்பார்கள், கருத்து சொல்ல எல்லோராலும் முடியும். அது கார் ஆனாலும் போன் ஆனாலும் ஷூ ஆனாலும், பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. பேசுவது பொருளைப் பற்றியா, முதலாளியைப் பற்றியா? இரண்டையும் விமர்சிக்கலாம். ஆனால், தனித்தனியாக. முதலாளி பேசியது பிடிக்கவில்லை என்பதால் பிரேக் பழுதாகிவிடாது. முதலாளியைப் பிடிக்கும் என்பதால் பழுதான பிரேக் சரியாகியும் விடாது.

2. புறக்கணிப்பு என்றால், கோரிக்கை என்ன? எது நடந்தால் அது முடியும் என்று சொல்லத் தெரிந்தால் அது போராட்டம். சொல்லத் தெரியாவிட்டால் வெறும் கோபம்.

3. இந்த அடி யார்மீது விழும்? கம்பெனிமீதா, ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டுத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்மீதா?

டெஸ்லாவில் 2024 இறுதியில் உலகம் முழுக்க 1,25,000 பேருக்கும் மேல் வேலை பார்த்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த கார்களை ஓட்டுகின்றன. அவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். தேர்தல் அன்று அவர்கள் தனித்தனியாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த ஓட்டு ரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. வாசலில் நிற்கும் காரைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர்தான், சாவியை எடுத்துக்கொண்டு கீறக் கிளம்புகிறார்.